சந்தைக்குப் போறதுக்கு முன்னாடியே குழம்பை முடிவு பண்ணலாமா? என்எஃப்எல் டிராஃப்ட்ல தேவையும் திறமையும்

2022 பிப்ரவரி, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல சோஃபி ஸ்டேடியம், சூப்பர் பவுல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்எஃப்எல்லோட இறுதி ஆட்டம். ராம்ஸ் 23, சின்சினாட்டி பெங்கால்ஸ் 20. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்ல, பெங்கால்ஸுக்கு நாலாவது டவுன், அதாவது பந்தை முன்னாடி நகர்த்த கடைசி வாய்ப்பு, வேண்டியது ஒரே ஒரு யார்ட். பந்தை வீசுற குவாட்டர்பேக் ஜோ பர்ரோ பந்தை வாங்குறாரு. ஓரத்துல அவரோட டீம் ஆளு ஜமார் சேஸ் தன்னை மறிக்க வந்த ராம்ஸோட ஜேலன் ராம்சியைத் தாண்டி ஓடிட்டாரு, பந்து மட்டும் அவர் கைக்கு வந்திருந்தா கதையே வேற. வரல. அதுக்குள்ள ராம்ஸோட ஆரன் டொனால்ட் குவாட்டர்பேக்கைக் காக்கிற லைனை உடைச்சுக்கிட்டு உள்ள பூந்து பர்ரோவைப் புடிச்சு ஒரு சுத்து சுத்திட்டாரு, அவர் விழுந்துக்கிட்டே எங்கேயோ வீசின பந்து தரையில போய் விழுந்துச்சு. அவ்ளோதான், முடிஞ்சு போச்சு.

இந்த ஒரு ப்ளேயை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பாத்திருப்பேன்னு கணக்கே கிடையாது. ஏன்னா அதுக்கு ஒம்போது மாசம் சொச்சம் முன்னாடி, 2021 டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் காலேஜ் ஆட்டக்காரங்களை முறை வச்சு எடுக்கிறதுல, பெங்கால்ஸ் முன்னாடி இருந்த கேள்வியே இதுதான்: பந்தைப் புடிக்கிற ஆளா, குவாட்டர்பேக்கைக் காக்கிற ஆளா? அவங்க கையில 5வது பிக், அதாவது அஞ்சாவதா எடுக்கிற முறை. ஒரு பக்கம் பந்தைப் புடிக்கிற ரிசீவர் சேஸ், பர்ரோவோட எல்எஸ்யூ காலேஜ்ல ஒண்ணா ஆடி 2019 சீசன்ல சாம்பியன்ஷிப் ஜெயிச்ச ஆளு. இன்னொரு பக்கம் ஆரிகன் யுனிவர்சிட்டி டேக்கிள் பெனே சூவெல், குவாட்டர்பேக்குக்கு செவுரு மாதிரி நிக்கிற ஆளு. பர்ரோ தன்னோட முதல் சீசன்ல 10 மேட்ச்ல 32 தடவை சாக் வாங்கி, அதாவது பந்தை வீசுறதுக்குள்ளயே வீழ்த்தப்பட்டு, நவம்பர்ல முழங்கால் லிகமெண்ட் கிழிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்தவரு. வீட்டுக்கூரை ஒழுகுதுன்னா முதல்ல கூரையைத்தான மாத்துவோம்? பெங்கால்ஸ் மாத்தல, சேஸை எடுத்தாங்க. சூவெல் 7வது பிக்ல டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போயிட்டாரு.

அப்புறம் என்ன ஆச்சுன்னு பாத்தா ரெண்டு பக்கமும் சொன்னது சரிதான்னு ஆகிப்போச்சு. ப்ரீசீசன்ல சேஸ் வர்ற பந்தையெல்லாம் கோட்டை விட்டாரு, காலேஜ் பந்துல வெள்ளைப் பட்டை இருக்கும், இதுல இல்ல, பந்தும் பெருசா இருக்குன்னு அவர் காரணம் சொன்னதை வச்சு ஊரே கலாய்ச்சுது. சீசன் ஆரம்பிச்சதும் 1,455 யார்ட், சிறந்த புதுமுக அஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது, கன்சாஸ் சிட்டிக்கு எதிரா ஒரே மேட்ச்ல 266 யார்ட். பர்ரோவோ ரெகுலர் சீசன்ல மட்டும் 51 தடவை சாக். ப்ளேஆஃப்ல டென்னசி டைட்டன்ஸ்கூட 9 சாக் வாங்கிட்டும் ஜெயிச்சாங்க, எப்படின்னா கடைசி நொடியில எவன் மெக்பெர்சன் 52 யார்ட்ல இருந்து உதைச்ச உதை. அந்த கிக்கரும் அதே 2021 டிராஃப்ட்ல அஞ்சாவது ரவுண்டுல எடுத்தவருதான், சுத்தமா தேவைக்குன்னே எடுத்த ஆளு. அப்புறம் சூப்பர் பவுல்ல 7 சாக், மேல சொன்ன அந்தக் கடைசி ப்ளே. சேஸ் இல்லன்னா அந்த மைதானத்துக்கே வந்திருக்க மாட்டாங்க, லைன் நல்லா இருந்திருந்தா கப்போட போயிருக்கலாம். இதுல எதைச் சரின்னு சொல்றது?

இப்போ கொஞ்சம் பின்னாடி போய் டிராஃப்ட்னா என்னன்னு பாத்துருவோம், நம்மாளுங்களுக்கு ஐபிஎல் ஏலம்தான் பழக்கம். ஏலத்துல காசு இருந்தா யாரை வேணா எப்ப வேணா தூக்கலாம். இங்க அப்படி இல்ல. 32 டீம், 7 ரவுண்டு, போன சீசன்ல கடைசியா வந்தவங்க முதல்ல எடுக்கணும், சாம்பியன் கடைசில. 1936ல இருந்து நடக்குது. உன் முறை வரும்போது மிச்சம் யாரு இருக்காங்களோ அவங்கள்ல ஒருத்தர், அவ்ளோதான். முறையை வேற டீமுக்கு வித்துக்கலாம், மாத்திக்கலாம், அது தனி வியாபாரம். சென்னையில இருந்து முதல் ரவுண்டைப் பாக்கணும்னா விடியக்காலை அஞ்சரைக்கு எந்திரிக்கணும், அந்த நேரத்துல எந்திரிச்சு முன்னபின்ன பேரே கேட்டிராத ஒரு கார்னர்பேக்குக்காக நான் ஏன் டென்ஷன் ஆவுறேன்னு வீட்ல யாருக்கும் இன்னைக்கு வரைக்கும் புரியல.

எங்க அம்மா சந்தைக்குப் போறதுல ரெண்டு விதம் உண்டு. சில நாள் வீட்லயே முடிவு பண்ணிருவாங்க, இன்னைக்கு முருங்கைக்கா சாம்பார்னு. அன்னைக்குன்னு பாத்து முருங்கைக்கா காஞ்ச குச்சியா இருக்கும், விலையும் ஏறியிருக்கும், ஆனாலும் வாங்கிட்டு வருவாங்க. இன்னொரு நாள் சும்மா போய் எது தளதளன்னு இருக்கோ அதை வாங்கிட்டு வந்து அதுக்கேத்த குழம்பு வைப்பாங்க. டிராஃப்ட் சண்டை மொத்தமும் இதுதான். முதல் விதத்துக்கு அவங்க வைக்கிற பேரு தேவைக்கு எடுக்கிறது. ரெண்டாவதுக்கு பெஸ்ட் ப்ளேயர் அவைலபிள், சுருக்கமா பிபிஏ. எந்த ஜெனரல் மேனேஜரை மைக் முன்னாடி நிறுத்தினாலும் "நாங்க பிபிஏதான்"னு சொல்லுவாரு, அதுல பாதி பேரு பொய் சொல்றாங்கன்னு நான் நினைக்கிறேன், பொய்னு தெரியாமலே சொல்றவங்களும் உண்டு.

ஏன்னு சொல்றேன். ஒவ்வொரு டீமும் வருஷம் பூரா ஸ்கவுட்டுகளை காலேஜ் காலேஜா அனுப்பி, பிப்ரவரி கடைசில இண்டியானாபொலிஸ்ல நடக்கிற கம்பைன்ல ஓட விட்டு, குதிக்க விட்டு, டாக்டரை விட்டு மூட்டு மூட்டா தட்டிப் பாத்து, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மார்க் போட்டு ஒரு போர்டு கட்டுவாங்க. பொசிஷன் வாரியா ஒரு வரிசை, எல்லாரையும் கலந்து கட்டி இன்னொரு வரிசை. முதல் ரவுண்டுல 32 பிக் இருந்தாலும் முதல் ரவுண்டு மார்க் வாங்கறவங்க பொதுவா ஒரு 15, 20 பேரு தான் இருப்பாங்க. மார்க் போடுற இடத்துலயே தேவை உள்ள வந்துருது. கோச்சுக்கு லைன்பேக்கர் இல்லாம தூக்கம் வரலன்னு வச்சுக்கங்க, பிப்ரவரி முழுக்க அவர் லைன்பேக்கர் வீடியோவா பாத்துட்டு இருப்பாரு, பாக்கப் பாக்கப் பிடிச்சுப் போகும், 82 மார்க் ஆளு ஏப்ரல்ல 88 ஆகி நிப்பாரு. அப்புறம் அவரை எடுத்துட்டு "எங்க போர்டுல இவருதான் டாப்"னு சொன்னா அது பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. பசியில சந்தைக்குப் போனா வெண்டைக்கா எல்லாமே இளசாத்தான் தெரியும்.

இந்த விஷயத்துல பால்டிமோர் ரேவன்ஸ் கதையைச் சொல்லாம யாரும் பேச முடியாது. 1996, டீம் அப்பத்தான் கிளீவ்லேண்ட்ல இருந்து ஊரையே காலி பண்ணிட்டு வந்திருக்கு, அவங்களுக்கு முதல் டிராஃப்ட், டிராஃப்டை நடத்துற ஆஸி நியூசமுக்கும் அந்த நாற்காலியில முதல் டிராஃப்ட். கையில 4வது பிக். டீமுக்கு வேண்டியது பந்தைத் தூக்கிட்டு ஓடுற ரன்னிங் பேக். ஓனர் ஆர்ட் மோடெல் நெப்ராஸ்காவோட லாரன்ஸ் ஃபிலிப்ஸ் வேணும்னாரு. போர்டுல மேல இருந்ததோ யூசிஎல்ஏவோட டேக்கிள் ஜொனாத்தன் ஆக்டன். வேடிக்கை என்னன்னா ரேவன்ஸ்ல இடது டேக்கிளா டோனி ஜோன்ஸ்னு நல்ல ஆளே ஒருத்தர் இருந்தாரு. நியூசம் ஆக்டனைத்தான் எடுத்தாரு. நிக்க வைக்க இடம் இல்லாம முதல் வருஷம் அவரை டேக்கிளுக்குப் பக்கத்துல நிக்கிற இடது கார்டா ஆட வச்சாங்க, அடுத்த வருஷம் ஜோன்ஸை டென்வருக்கு அனுப்பிட்டு இடத்தைக் காலி பண்ணிக் குடுத்தாங்க. ஆக்டன் 12 சீசன்ல 11 தடவை ப்ரோ பவுல்ங்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானாரு, 2013ல சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். அதே முதல் ரவுண்டுல 26வது பிக்ல ரே லூயிஸ், அவரும் ஹால் ஆஃப் ஃபேம். ஒரே நாள்ல ரெண்டு பேரு.

ஃபிலிப்ஸை 6வது பிக்ல செயின்ட் லூயிஸ் ராம்ஸ் எடுத்தாங்க, அவருக்கு இடம் வேணுமேன்னு தங்களோட ரன்னிங் பேக் ஜெரோம் பெட்டிஸை அதே வார இறுதியில பிட்ஸ்பர்குக்குத் தள்ளிவிட்டாங்க. பெட்டிஸ் இன்னைக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காரு. ஃபிலிப்ஸை 1997 நவம்பர்லயே ராம்ஸ் வெளிய அனுப்பிட்டாங்க.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் ஒண்ணை விட்டுருவாங்க. 1996ல ரேவன்ஸ் 4 மேட்ச் ஜெயிச்சு 12 தோத்தாங்க. திறமையை எடுத்ததால அந்த வருஷம் ஒண்ணும் மாறல. அவங்க கப்பு வாங்கினது 2001 ஜனவரியில. நியூசமுக்கு அந்த நாலு சொச்சம் வருஷம் காத்திருக்க விட்டாங்க, அதான் விஷயம். இந்த சீசன் தோத்தா வேலை போயிரும்னு இருக்கிற கோச்சுகிட்ட போய் ஆக்டனை எடு, கார்டா ஆட வை, 2001ல பாத்துக்கலாம்னு சொன்னா கேப்பாரா? தேவையா திறமையாங்கிற கேள்விக்குப் பின்னாடி முக்காவாசி நேரம் நிக்கிறது, யாருக்கு எத்தனை வருஷம் டைம் இருக்குங்கிற கேள்விதான். டைம் உள்ளவன் திறமையை எடுக்கிறான், இல்லாதவன் ஓட்டையை அடைக்கிறான், அதுல அவனை முட்டாள்னு சொல்லவும் மனசு வரல எனக்கு.

அதுக்காக கண்ணை மூடிட்டு பிபிஏன்னு போனாலும் அடிதான். டெட்ராய்ட் லயன்ஸ் 2003ல 2வது பிக்ல ரிசீவர் சார்லஸ் ராஜர்ஸ், 2004ல 7வது பிக்ல ரிசீவர் ராய் வில்லியம்ஸ், 2005ல 10வது பிக்ல ரிசீவர் மைக் வில்லியம்ஸ். மூணு வருஷம் தொடர்ச்சியா முதல் ரவுண்டுல ரிசீவர்! போர்டுல அவங்கதான் மேல இருந்தாங்கன்னே வச்சுக்குவோம், மைதானத்துல இருக்கிறது ஒரே ஒரு பந்துதான? முதல் நல்ல ரிசீவரால டீமுக்குக் கிடைக்கிற லாபம் மூணாவது நல்ல ரிசீவரால கிடைக்காது. மைக் வில்லியம்ஸ் பேரைப் படிச்ச கையோட அடுத்த பிக்ல, 11ல, டல்லாஸ் எடுத்தது டிமார்கஸ் வேர், குவாட்டர்பேக்கைத் தொரத்தித் தொரத்தி அடிச்சு ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவரு. 2007ல லயன்ஸ் மறுபடியும் ரிசீவர் எடுத்தாங்க, கால்வின் ஜான்சன். அந்தாளு நெஜமாவே அசுரன், அவர் ஹால் ஆஃப் ஃபேம் போனது வேற கதை, அவர் ஆடிட்டு இருக்கும்போதே 2008ல டீம் பதினாறுக்கு பதினாறும் தோத்துச்சு.

இதுல பொசிஷன் மதிப்புன்னு ஒண்ணு இருக்கு, அதாவது சில இடத்து ஆளால டீமுக்குக் கிடைக்கிற லாபம் மத்த இடத்தைவிட அதிகம், நியூயார்க் ஜயன்ட்ஸ் 2018ல வழுக்கினது அங்கதான். 2வது பிக். குவாட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு 37 வயசு. மேனேஜர் டேவ் கெட்டில்மன் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை எடுத்தாரு. பார்க்லி அந்த டிராஃப்டோட மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள்ல ஒருத்தர்ங்கிறதுல சந்தேகமே கிடையாது, முதல் வருஷமே ஓட்டமும் கேட்ச்சுமா 2,000 யார்டைத் தாண்டினாரு, புதுமுக விருது வாங்கினாரு, ஜயன்ட்ஸோ 5 ஜெயிச்சு 11 தோத்தாங்க. அந்த முதல் ரவுண்டுலயே பின்னாடி 7வதா ஜாஷ் ஆலன் போனாரு, 32வதா லமார் ஜாக்சன் போனாரு, ரெண்டு பேருமே பின்னாடி எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினவங்க. ஜயன்ட்ஸ் அடுத்த வருஷம் 6வது பிக்கை டேனியல் ஜோன்ஸ்ங்கிற குவாட்டர்பேக்குக்குச் செலவழிச்சாங்க, இந்தத் தடவை தேவை கழுத்தைப் புடிச்சிருச்சு. பார்க்லி 2024ல பக்கத்து எதிரி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், அங்க ஏற்கனவே நல்ல லைனும் குவாட்டர்பேக்கும் இருக்க, 2,005 யார்ட் ஓடி சூப்பர் பவுலும் ஜெயிச்சாரு. ஆளு அதே ஆளுதான். குழம்பு கொதிச்சு இறக்குற நேரத்துல போடற கொத்தமல்லி மாதிரி, அதையே முதல்ல போட்டு என்ன பிரயோஜனம்.

குவாட்டர்பேக்குன்னு வந்துட்டா எல்லா விதியும் தலைகீழ். கிரீன் பே பேக்கர்ஸ் 2005ல 24வது பிக்ல ஆரன் ராட்ஜர்ஸை எடுத்தப்ப பிரெட் ஃபார்வுக்கு 35 வயசு, ஒரு மேட்ச்கூட விடாம ஆடிட்டு இருந்தாரு. முதல் பிக்கே தானாத்தான் இருப்போம்னு நினைச்சு வந்த ராட்ஜர்ஸ் கேமரா முன்னாடி மணிக்கணக்கா உக்காந்து 23 பேரு கடந்து போறதைப் பாத்தாரு. மேனேஜர் டெட் தாம்சனுக்கு அந்த டீம்ல முதல் டிராஃப்ட், அவசரத் தேவைன்னு வேற எத்தனையோ இருந்துச்சு. எடுத்து மூணு வருஷம் பெஞ்ச்ல உக்கார வச்சாங்க, மூணு சீசன்ல மொத்தம் 59 பந்துதான் வீசினாரு. 2008ல ஸ்டார்ட்டர், 2011 பிப்ரவரியில சூப்பர் பவுல்.

சரி, அதே பேக்கர்ஸ் 2020ல அதையே ராட்ஜர்ஸுக்குப் பண்ணாங்க. 13-3 சீசன், இறுதிக்கு முந்தின மேட்ச் வரைக்கும் வந்து தோத்த டீம், ஒரு ரிசீவர் இருந்தா போதும்னு ஊரே சொல்லுது, அவங்க 30ல இருந்து 26க்கு ஏறிப்போய் ஜோர்டன் லவ்னு ஒரு குவாட்டர்பேக்கை எடுத்தாங்க. அந்த டிராஃப்ட் மொத்தத்துலயும் ஒரு ரிசீவர்கூட எடுக்கல! கடுப்புல ராட்ஜர்ஸ் 2020, 2021 ரெண்டு வருஷமும் எம்விபி வாங்கினாரு, ஆனா சூப்பர் பவுலுக்குப் போகல, 2021 ஜனவரியில டாம்பாகிட்ட 31-26ன்னு அஞ்சே பாயிண்டுல தோத்தாங்க. லவ் 2023ல வந்து முதல் ப்ளேஆஃப்லயே டல்லாஸை அவங்க மைதானத்துலயே 48 பாயிண்ட் போட்டு அடிச்சாரு. நீண்ட கணக்குல பேக்கர்ஸ் சரி. அந்த ரெண்டு வருஷத்துக் கணக்குல? அந்த அஞ்சு பாயிண்டை ஒரு நல்ல ரிசீவர் போட்டிருக்க மாட்டாராங்கிறதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2024ல பண்ணது இன்னும் வினோதம், மார்ச்ல கிர்க் கசின்ஸுக்கு நாலு வருஷம் 180 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதுல 100 மில்லியன் கேரண்டி, அடுத்த மாசமே 8வது பிக்ல மைக்கேல் பெனிக்ஸ்னு இன்னொரு குவாட்டர்பேக். டிசம்பர்ல கசின்ஸை உக்கார வச்சுட்டு பெனிக்ஸை இறக்கிட்டாங்க.

இவ்ளோ தைரியமா குவாட்டர்பேக்கை எடுத்து ஓரமா உக்கார வைக்க முடியறதுக்குப் பின்னாடி காசு இருக்கு. 2010ல முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு கேரண்டியே 50 மில்லியன் டாலர். 2011ல புது ஒப்பந்த விதி வந்துச்சு, அந்த வருஷ முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கும் சேத்து சுமார் 22 மில்லியன் தான். ஒரே வருஷத்துல பாதிக்கும் கீழ. முன்னாடியெல்லாம் மேல எடுத்த ஆளு சொதப்பினா டீமே முடங்கிரும், அதனால உடனே ஆடியே ஆகணும்ங்கிற ஆளாப் பாத்து எடுத்தாங்க, இப்போ புதுமுகம் மலிவு, நல்லவனா அமைஞ்சா நாலு வருஷம் லாட்டரி.

விவரமான டீம்கள் தேவையை மார்ச்லயே தீர்த்துக்கப் பாப்பாங்க. டிராஃப்ட் ஏப்ரல் கடைசில, ஒப்பந்தம் முடிஞ்ச ஆளுங்களை எடுக்கிற ஃப்ரீ ஏஜென்சி மார்ச்ல. கார்டு இல்லயா, 29 வயசுல சுமாரான ஒரு கார்டை ரெண்டு வருஷத்துக்குக் கூட்டிட்டு வந்துரு, அப்புறம் டிராஃப்ட்ல யார் கழுத்துலயும் கத்தி இருக்காது. வீட்ல பருப்பும் அப்பளமும் இருந்தா சந்தையில பேரம் பேசலாம்ல, அது மாதிரி.

இன்னொண்ணு, மார்க் போடுறவங்க தங்களை நம்புற அளவுக்கு மார்க் நம்பகமானது இல்ல. கேட் மாஸியும், 2017ல பொருளாதார நோபல் வாங்கின ரிச்சர்ட் தேலரும் பழைய டிராஃப்டுகளை எல்லாம் அலசிப் பாத்ததுல, முன்னாடி எடுத்த ஆளு அதே பொசிஷன்ல அடுத்ததா எடுத்த ஆளைவிட நல்லா ஆடினது கிட்டத்தட்ட 52 சதவீதம்தான். காசு சுண்டிப் போடுறதுக்கும் இதுக்கும் ரெண்டே சதவீத வித்தியாசம்! அதனால பல டீம்கள் ஆளுங்களை அடுக்கு அடுக்காப் பிரிக்கிறாங்க, ஒரே அடுக்குல நாலு பேரு இருந்தா அவங்களுக்குள்ள 86, 87ன்னு அடிச்சுக்கிறதுல அர்த்தம் இல்ல, அங்க தேவையைப் பாத்து எடு, இல்லன்னா நாலு இடம் கீழ இறங்கி கூட ஒரு பிக்கை வாங்கிக்கோ, நாலுல ஒருத்தன் எப்படியும் மிஞ்சுவான். அடுக்கு தாண்டித்தான் போயாகணும்னா மட்டும் யோசி. 82 ஆளை தேவைக்காக 90 ஆளுக்கு முன்னாடி எடுக்கிறதுதான் பாவம். எனக்குத் தெரிஞ்சு இந்த மொத்த விவாதத்துலயும் நடைமுறைக்கு உதவுற யோசனை இது ஒண்ணுதான்.

அதுலயும் தேவைன்னு நாம ஏப்ரல்ல எழுதற லிஸ்ட்டுக்கு செப்டம்பர் வரைக்கும் ஆயுசு இருக்குமாங்கிறதே சந்தேகம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்கிட்ட 2000ல ட்ரூ பிளட்சோ இருந்தாரு, அவருக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க, குவாட்டர்பேக் தேவை சுத்தமா பூஜ்யம். ஆறாவது ரவுண்டுல 199வதா டாம் பிரேடியை எடுத்து, நாலு குவாட்டர்பேக்கை வச்சுக்கிட்டே அந்த வருஷத்தை ஓட்டினாங்க. 2001 மார்ச்ல பிளட்சோவுக்கு பத்து வருஷ ஒப்பந்தம், செப்டம்பர்ல ஜெட்ஸ் லைன்பேக்கர் மோ லூயிஸ் அடிச்ச ஒரு அடி, பிளட்சோவுக்கு நெஞ்சுக்குள்ள ரத்தக்கசிவு. உள்ள வந்த பிரேடி அந்த சீசனே சூப்பர் பவுல் ஜெயிச்சாரு.

இதுல கிரீன் பே ரசிகர்கள் பாவம்தான். 2002ல ஜேவன் வாக்கருக்கு அப்புறம் முதல் ரவுண்டுல ரிசீவரே எடுக்காத டீம் அது. 2025 டிராஃப்ட் அவங்க ஊர்லயே, லம்போ ஃபீல்டு வாசல்ல நடந்துச்சு. 23வது பிக், மேத்யூ கோல்டன், ரிசீவர்னு பேரைப் படிச்சதும் அந்தக் கூட்டம் போட்ட சத்தம் இருக்கே, 23 வருஷச் சத்தம் அது. போர்டுல அவருதான் மேல இருந்தாரான்னு அன்னைக்கு ஒருத்தரும் கேக்கல. நாலு மாசம் கழிச்சு ஆகஸ்ட்ல பேக்கர்ஸ் டல்லாஸ்கிட்ட இருந்து குவாட்டர்பேக்கைத் தொரத்துற மைக்கா பார்சன்ஸை வாங்கினாங்க, விலை டிஃபென்ஸ் லைன்ல இருந்த கென்னி கிளார்க்கும், 2026, 2027 ரெண்டு வருஷத்து முதல் ரவுண்டு பிக்கும். அந்த ரெண்டு ஏப்ரலுக்கு முதல் ரவுண்டுல தேவையா திறமையாங்கிற தலைவலி டல்லாஸுக்குத்தான்.